காரணம்: மற்றவை

புதுவயல் அரிசி ஆலையில் சங்கு ஊதும்போது
எனக்கு எட்டாவது நோயாளி,
திரைக்கு முப்பத்தோராவது எச்சரிக்கை.

மஞ்சள் பெட்டி ஒன்று திறந்து
அறுபத்தெட்டு வயது உடையப்பன்
கர்ப்பமாக இல்லை என்பதை
உறுதி செய்யச் சொல்கிறது.
செய்தேன்.
தலையை நீட்டி எட்டிப் பார்த்தவர்
நல்ல சேதியா டாக்டர் என்றார்.

சிரிப்பதற்கு ஒரு நொடி இருந்தது.
அதையும் அடுத்த பெட்டி எடுத்துக்கொண்டது:
பாராசிட்டமால் முன்பே எழுதப்பட்டுள்ளது.
தெரியும். எழுதியது நான்தான்.
மீறுவதற்குக் காரணம்?
பட்டியலில் நான்கு. கடைசியில் 'மற்றவை'.
அதைத் தொட்டால் ஒரு வெற்றுக் கட்டம்,
எதையாவது போடாமல் வழி விடாது.

முதல் மாதம் முழு வாக்கியம் எழுதினேன்,
ஒற்றுப் பிழைகூட இல்லாமல்.
அடுத்த மாதம் 'பழகிய மருந்து'.
அதற்கடுத்து 'சரி'.
ஐப்பசி மழையில் காய்ச்சல் கூட்டம் வாசல் தாண்டியபோது
ஒரு புள்ளி போதும் என்று கண்டுபிடித்தேன்.
இரவுப் பணி செபஸ்தியானுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.
அந்த மாதத்தில் நான் செய்த ஒரே உதவி அது.

உள்ளே வருபவர்களை இப்போது
செருப்புச் சத்தத்தில் அறிகிறேன்.
வீட்டில் மகன் கேள்வியை முடிக்கும் முன்பே
சரி என்கிறேன்.
அம்மா, நான் இன்னும் கேட்கவே இல்லை என்கிறான்.
அதற்கும் சரி.

பஞ்சவர்ணத்தக்கா ஆலையில் உமி அள்ளுபவர்.
காரைக்குடிக் கண் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டி
சொட்டு மருந்தை இங்கேயே எழுதிக் கேட்டார்.
டைமோலால். பெட்டி திறந்தது,
மற்ற எல்லா மஞ்சளையும் போல ஒரு மஞ்சள்.
புள்ளி.

இரவு பத்தரைக்கு
ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.
ஊதுலைபோல் ஏறி இறங்கிய நெஞ்சு
அடங்க நாற்பது நிமிடம் ஆனது.
லூர்தம்மாள் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருக்க
பகலில் மூடியதைத் திறந்து வாசித்தேன்:
'ஆஸ்துமா உள்ளவர். தவிர்க்கவும்.'
இரண்டே வரி. தெளிவான தமிழ்.

புலி வருது கதையில்
பொய்யாய்க் கூவியவன்மேல்தான் எல்லோருக்கும் கோபம்.
எழுபத்திரண்டு முறை கம்பெடுத்து ஓடி வந்து
எழுபத்து மூன்றாவது முறை
உட்கார்ந்துவிட்டவர்களைப் பற்றி
யாரும் ஒரு வரி சொல்வதில்லை.

தணிக்கைக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து
மென்பொருள் கம்பெனிப் பையன் வந்தான்.
சுவரில் கட்டம் கட்டமாய்க் காட்டினான்.
மற்றவை: ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.
உள்ளே இறங்கினால்
எறும்பு வரிசைபோல் வெறும் புள்ளிகள்.
டாக்டர் தேனம்மை, இதற்கு என்ன அர்த்தம்?
குற்றமாய்க் கேட்கவில்லை.
அவன் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம்.

ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான் தம்பி,
உயிர் சேராத மெய் என்று காட்டத்
தலையில் வைப்பது.

நிர்வாகி இருமினார்.
பையன் எதையோ குறித்துக்கொண்டான்.
உடையப்பனின் கர்ப்பத்தை முதலில் எடு,
பஞ்சவர்ணத்தின் பெட்டியைச் சிவப்பாக்கு,
அது மட்டும் சத்தம் போடட்டும் என்றேன்.
அடுத்த பதிப்பில் பார்க்கலாம் மேடம்.

வியாழக்கிழமை அக்கா வந்தார்,
வேறு சொட்டு மருந்துச் சீட்டோடு.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு முகத்தைப் பார்த்தேன்.
இடது புருவத்தில் ஒரு துணுக்கு உமி.
மருந்தை எழுதினேன். பெட்டி திறந்தது.
கையை மடியில் வைத்துக்கொண்டு
ஒரு முறை வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

வைட்டமின் மாத்திரை பற்றி.

வெளியே முப்பது பேர்
இருமிக்கொண்டிருந்தார்கள்.